பழைய கம்பெய்ன் புதிய விதியில் சிக்கும்போது: அறிகுறி பார்த்துத் திருத்தும் முறை

கைமாறிக் கைமாறி வந்த பழைய டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் (டைஸ் உருட்டி, பாத்திரமேற்று மேசையில் ஆடும் விளையாட்டு) மொடியூல், அதாவது ஆயத்தக் கதைப் புத்தகம், ஒன்று இருக்கிறது. மேசையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததோ ஐந்தாம் பதிப்பு. இரண்டையும் சேர்த்து ஆடும்போது வரும் கோளாறுகள் எந்த மேசையிலும் ஏறத்தாழ ஒன்றுதான். மட்டக்களப்பானாலும் கல்முனையானாலும் அக்கரைப்பற்றானாலும் அதே முறைப்பாடுகளே திரும்பத் திரும்ப வருகின்றன. கீழே அவற்றை ஆட்டக்காரர் வாயில் வரும் விதமாகவே தலைப்பாகப் போட்டிருக்கிறோம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத திருத்தம் முதலில், வேலை கூடியது கடைசியில். முதல் திருத்தத்திலேயே சரிவந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மிச்சத்தையும் செய்யப் போனால் புதுக் கோளாறு பிறக்கும்.

தொடங்குமுன்: இது எந்தப் பதிப்பு?

அட்டை கிழிந்த போட்டோக்கொப்பியில் ஆண்டு இருக்காது. உள்ளே தேடுங்கள்.

- தாக்கோ (ஏசி 0ஐ அடிக்க உருட்டவேண்டிய எண்) என்ற சொல் வந்தால், அல்லது ஏசி (அடிபடாமல் காக்கும் கவச எண்) குறையக் குறையப் பாதுகாப்புக் கூடினால்: அட்வான்ஸ்ட் காலத்து முதலாம் அல்லது 1989இன் இரண்டாம் பதிப்பு. கவசமில்லாத ஆளுக்கு ஏசி 10.
- ஏசி இறங்குமுகம்தான், ஆனால் கவசமில்லாத ஆளுக்கு 9 என்றால்: பேசிக் பெட்டி வரிசை. இந்த ஓர் எண் வித்தியாசத்தைக் கவனிக்காமல் விடுபவர்கள் நிறையப் பேர்.
- சேவ் (ஆபத்திலிருந்து தப்ப உருட்டுவது) மூன்றே வகை, கூடவே பேஸ் அட்டாக் போனஸ் இருந்தால்: 2000இன் மூன்றாம் பதிப்பு அல்லது 2003இன் 3.5.
- ஹீலிங் சேர்ஜ், என்கவுன்டர் பவர் என்று வந்தால்: 2008இன் நான்காம் பதிப்பு.
- புரொஃபிஷன்ஸி போனஸும் அட்வான்டேஜும் இருந்தால்: ஏற்கெனவே 2014இன் ஐந்தாம் பதிப்பு. உங்களுக்கு “2014இலிருந்து 2024க்கு மட்டும் போகிறவர்கள்” என்ற தலைப்பு மட்டும் போதும்.

புதிய விதிக்குக் காசு வேண்டியதில்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு, எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வந்தது. ஐந்தாம் பதிப்பைத் திருத்திய 2024 விதிகளுக்கான 5.2, 2025 ஏப்ரலில் வந்தது. மூலத்தைக் குறிப்பிட்டால் தமிழில் மொழிபெயர்த்துப் பகிரவும் அந்த உரிமம் இடம் தருகிறது. முழுவதையும் அச்சிட வேண்டாம், அடுத்த அமர்வுக்குத் தேவையான மொன்ஸ்டர் பக்கங்களை மட்டும் எடுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் கரண்ட் போனால் போன் சார்ஜை நம்பி டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) வேலை பார்க்க முடியாது.

“மச்சான், என்ன உருட்டினாலும் படுகுதில்லை” / “இவனுக்கு எல்லாமே படுகுது”

*முதல் சோதனை: ஏசியைத் திருப்பினீர்களா?* அட்வான்ஸ்ட் என்றால் 20இலிருந்து பழைய ஏசியைக் கழியுங்கள். பழைய 3 இப்போது 17, பழைய –2 இப்போது 22. பேசிக் பெட்டி என்றால் 19இலிருந்து கழியுங்கள்.

*இரண்டாவது: திருப்பியது சரி, ஆனால் திருப்பவே தேவையில்லாததைத் திருப்பிவிட்டீர்கள்.* அதிகம் நடப்பது இதுதான். ஓகர் என்ற ராட்சதனை எடுங்கள். பழைய ஓகர் ஏசி 5, ஹிட் டைஸ் (எச்பியைத் தீர்மானிக்கும் டைஸ்) 4+1, சராசரியாக 19 எச்பி (உயிர்ப்புள்ளி). கணக்குப்படி ஏசி 15 ஆகிறது. ஆனால் ஐந்தாம் பதிப்பின் சொந்த ஓகருக்கு ஏசி 11தான், எச்பி மட்டும் 59. அடிப்பது சுலபம், விழுத்துவதுதான் கஷ்டம் என்று அதை மாற்றி அமைத்திருக்கிறார்கள். நீங்கள் ஏசி 15ஐ வைத்துக்கொண்டு எச்பி 59ஐயும் கொடுத்தால் இரண்டு பதிப்பின் கடினமும் ஒரே மிருகத்தில் ஏறிவிடும். ஏசி 15, எச்பி 19 என்று விட்டாலோ அது இரண்டு அடியில் போய்விடும்.

ஆகவே புதிய புத்தகத்தில் அதே பெயர் இருந்தால் பழைய எண்களைத் தொடவே வேண்டாம். சிறிய மட்டைத் துண்டில் எழுதி மொடியூல் பக்கத்தில் குத்தி வையுங்கள்: *ஓகர், ஏசி 11, எச்பி 59, அடி +6, சேதம் 2டி8+4, 450 எக்ஸ்பி.* (2டி8 என்றால் எட்டுமுக டைஸ் இரண்டு, எக்ஸ்பி என்றால் அனுபவப்புள்ளி.) பழைய பக்கத்திலிருந்து அந்த மட்டைக்கு வரவேண்டியது மூன்றுதான்: எத்தனை பேர், எங்கே நிற்கிறார்கள், என்ன வேண்டி நிற்கிறார்கள்.

*மூன்றாவது: ஆட்டக்காரரின் மந்திரப் பொருட்கள்.* 3.5இலிருந்து வந்த வீரனுக்கு முழுத்தட்டுக் கவசம் +3, கேடயம் +3, பாதுகாப்பு மோதிரம் +3, இயற்கைக் கவசத் தாயத்து +3 இருந்தால் ஏசி 32. அந்தப் பதிப்பில் இது பெரிய விஷயமல்ல, எதிரியின் அடியும் சேர்ந்து ஏறும். ஐந்தாம் பதிப்பில் தட்டுக்கவசம் 18, கேடயம் 2, மொத்தம் 20. +6 உள்ள ஓகர் 20ஐ அடிக்க 14 உருட்டினால் போதும். 32ஐ அடிக்க இயற்கை 20 விழவேண்டும்.

ஒருவர் மூன்று பொருட்களுக்கு மேல் அட்டியூன் ஆக (மந்திரப் பொருளோடு தன்னைப் பிணைத்துக்கொள்ள) முடியாது என்ற விதி இதைத் தீர்த்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். தீர்க்காது. வெறும் + கவசத்துக்கும் கேடயத்துக்கும் அட்டியூன்மென்டே தேவையில்லை. கூட்டல் எண்ணையே இறக்கவேண்டும். நாங்கள் பாவிக்கும் அளவு: பழைய +1, +2 இரண்டும் +1, +3, +4 இரண்டும் +2, +5 மட்டும் +3. பாதுகாப்பு மோதிரம் எதுவானாலும் +1. இதை அமர்வுக்கு முன்பே ஆளிடம் சொல்லுங்கள். சண்டை நடுவில் பறித்தால் மனம் கசக்கும்.

*ஆளைக் கேட்கவேண்டிய இடம்:* பழைய மிருகம் புதிய புத்தகத்தில் இல்லை, அதுவே கதையின் பெரிய எதிரி. அப்போது புதிய விதியில் பெரிய சண்டைகள் நடத்தி அனுபவமுள்ள டிஎம் ஒருவரிடம் உங்கள் வரைவைக் காட்டுங்கள். சின்ன எதிரி என்றால் யாரையும் கேட்க வேண்டாம். அளவில் ஒத்த வேறொன்றை எடுத்து, பெயரையும் தோற்றத்தையும் மாற்றுங்கள்.

“ரெண்டு மணித்தியாலமா ஒரே சண்டை”

*எண்ணிக்கையைப் பாருங்கள்.* பழைய மொடியூல் ஒரே அறையில் 12 ஓர்க்கை வைக்கும். அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹிட் டைஸ், சராசரி 4 அல்லது 5 எச்பி. 2014 புத்தகத்தின் ஓர்க்குக்கு 15. அறையின் மொத்த எச்பி ஐம்பத்துச் சொச்சத்திலிருந்து 180 ஆகிறது. சண்டை மூன்று மடங்கு நீள்வதில் வியப்பில்லை.

கணக்கைப் போட்டே பாருங்கள். மூன்றாம் லெவலில் நால்வர். 2014 விதியில் கடினமான சண்டைக்கு 225 × 4 = 900, உயிராபத்துக்கு 400 × 4 = 1600. 12 ஓர்க் தலா 100 எக்ஸ்பி, 1200. எதிரிகள் 11 முதல் 14 வரை இருந்தால் மூன்றால் பெருக்கவேண்டும்: 3600. உயிராபத்து எல்லையின் இரண்டு மடங்குக்கும் மேல். நான்கு ஓர்க் என்றால் 400, பெருக்கி 2, விடை 800. கடினத்துக்குச் சற்றுக் கீழே, நல்ல சண்டை. மிச்ச எட்டுப் பேரை அழிக்காதீர்கள். இருவர் இருவராகப் பக்கத்து அறைகளிலும் காவலிலும் வையுங்கள், சத்தம் கேட்டால் வரட்டும்.

2024 விதியில் அந்தப் பெருக்கல் இல்லை. எக்ஸ்பியைக் கூட்டி எல்லையோடு ஒப்பிட்டால் சரி. ஆனால் 2024 மொன்ஸ்டர் புத்தகத்தில் ஓர்க்குக்கெனத் தனி ஸ்டாட் புளொக் (எண்பட்டியல்) கிடையாது. அதே சலஞ்ச் ரேட்டிங்கில் (எதிரியின் கடின அளவில்) அடியாள் வகை ஒன்றை எடுக்கிறவர்கள் எச்பியைப் பாருங்கள், 32. எண்ணிக்கையை இன்னும் குறைக்கவேண்டி வரும்.

*எண்ணிக்கை சரி, இன்னும் நீள்கிறதா? மொரேல் காணாமல் போயிருக்கும்.* பழைய பதிப்புகளில் பாதிப் பேர் விழுந்தால், தலைவன் செத்தால், எதிரிகள் ஓடுவார்களா என்று உருட்டிப் பார்ப்பார்கள். மொடியூல் எழுதியவர் அதை நம்பித்தான் 12 பேரை வைத்தார். ஐந்தாம் பதிப்பில் இது 2014 டிஎம் புத்தகத்தின் விருப்ப விதியாக ஒதுங்கிக் கிடக்கிறது: விஸ்டம் சேவ், டிசி (உருட்டி எட்டவேண்டிய எண்) 10, தோற்றால் ஓட்டம் அல்லது சரணடைவு. பழைய மொடியூல் ஆடும் எவரும் இதைக் கட்டாயம் திரும்பக் கொண்டுவரவேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஓடிப்போனவன் மறுபடி வருவான், பிடிபட்டவன் வாய் திறப்பான், கதை தானாக நகரும்.

*நான்காம் பதிப்பு என்றால்* மினியன் என்ற சின்ன எதிரிகள் இருக்கும், எச்பி ஒன்றே ஒன்று. ஐந்தாம் பதிப்பில் அந்த வகை இல்லை. இரண்டு மூன்று படி தாழ்ந்த சலஞ்ச் ரேட்டிங் உள்ளதை வைத்து, எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

“பெரிய ஆள் என்டாங்க, ஒரு ரவுண்டில முடிஞ்சு போச்சு”

தனியாக நிற்கும் பழைய எதிரி புதிய விதியில் நிலைக்கமாட்டான். நாலு பேர் நாலு முறை அடிக்க அவனுக்கு ஒரு முறை. முதலில் அவன் எச்பி டைஸ்களைச் சராசரிக்குப் பதில் உச்சமாக வையுங்கள். போதாவிட்டால் இரண்டு காவலாளிகளைச் சேருங்கள். அதற்கும் மேல் என்றால்தான் லெஜண்டரி அக்ஷனும் (மற்றவர் முறை முடிந்ததும் செய்யும் கூடுதல் செயல்), நாளுக்கு மூன்று லெஜண்டரி ரெசிஸ்டன்ஸும் (தவறிய சேவ் வென்றதாகும்).

எதிரி மந்திரவாதி என்றால் இன்னொன்றையும் பாருங்கள். பழைய மொடியூல் அவனை ஹேஸ்ட், ஃப்ளை, ஸ்டோன்ஸ்கின், இன்விசிபிலிட்டி எல்லாம் போட்டு நிறுத்தியிருக்கும். புதிய விதியில் நான்குக்கும் கொன்சன்ட்ரேஷன் (ஸ்பெல் நிலைக்க மனத்தை ஊன்றியிருத்தல்) வேண்டும், ஒரே நேரத்தில் ஒன்றுதான் நிற்கும். மேஜ் ஆர்மருக்கும் மிரர் இமேஜுக்கும் அது தேவையில்லை. ஆகவே அவனுக்கு இந்த இரண்டையும் கொடுத்து, கூட ஏதாவது ஒரு கொன்சன்ட்ரேஷன் ஸ்பெல். மூன்றோடு நிறுத்துங்கள்.

“ஒரு சேவ் தவறினா ஆளே அவுட்டா?”

*எந்த சேவ்?* 3.5இன் மூன்று வகை நேரே பொருந்தும்: ஃபோர்ட்டிட்யூட் கொன்ஸ்டிடியூஷனுக்கு, ரிஃப்ளெக்ஸ் டெக்ஸ்டெரிட்டிக்கு, வில் பெரும்பாலும் விஸ்டத்துக்கு. பழைய ஐந்து வகையில் விஷம், பக்கவாதம், கல்லாதல் கொன்ஸ்டிடியூஷனுக்குப் போகும். மூச்சுத்தாக்குதலைக் கண்மூடி டெக்ஸ்டெரிட்டி என்று போடாதீர்கள். நெருப்பு, அமிலம், மின்னல் டெக்ஸ்டெரிட்டி. குளிரும் நச்சுப்புகையும் கொன்ஸ்டிடியூஷன். ஸ்பெல் சேவ் என்றால் அந்த ஸ்பெல்லைப் புதிய புத்தகத்தில் பிரித்துப் பார்ப்பது ஒன்றே வழி.

*டிசி எவ்வளவு?* பழைய சேவ் எண் தப்பிப்பவனின் லெவலைப் பொறுத்தது, பொறியைப் பொறுத்ததல்ல. அதனால் பழைய பக்கத்தில் டிசி இருக்காது. மாற்றம் ஏதும் சொல்லாவிட்டால் 13 வையுங்கள். “–2 உடன்” என்றிருந்தால் 15, “–4 உடன்” என்றால் 17, “+4 உடன்” என்றால் 10.

*சாவை என்ன செய்வது?* “தவறினால் மரணம்” என்ற வரியைச் சேதமாக மாற்றுங்கள். 2014 டிஎம் புத்தகத்தின் பொறி அளவு வசதியானது: 1–4 லெவலில் ஆபத்து 2டி10, உயிராபத்து 4டி10, 5–10இல் 4டி10, 10டி10, 11–16இல் 10டி10, 18டி10. பழைய பக்கம் மரணம் என்று சொன்னால் உயிராபத்து வரிசையை எடுங்கள். இதைவிட இறக்கினால் பயம் போய்விடும். அந்தப் பக்கத்தை எழுதியவர் வைத்த பயத்தைக் காப்பாற்றுவதும் மாற்றுகிறவரின் பொறுப்பு.

கல்லாக்கும் பார்வைக்கு 2014 மெடூசாவின் வழி சிறந்தது. ஐந்து அல்லது அதற்கு மேல் குறைந்து தோற்றால் உடனே கல். இல்லாவிட்டால் உடல் இறுகத் தொடங்கும், அடுத்த சுற்று முடிவில் இன்னொரு சேவ். அந்த ஒரு சுற்றில் மேசையே எழுந்து நிற்கும். லெவலை உறிஞ்சும் பிசாசுகளுக்கு லெவலைத் தொடாதீர்கள், உச்ச எச்பியைக் குறையுங்கள். வைட் என்ற பிணப்பேய் புதிய புத்தகத்தில் அப்படித்தான் செய்கிறது.

“பூட்டுத் திறக்கவே ஏலாது” / “எல்லாத்தையும் திறக்கிறான்”

3.5 மொடியூலில் டிசி 30 பூட்டு சாதாரணம். எட்டாம் லெவல் கள்ளனுக்கு 11 ரேங்க், டெக்ஸ்டெரிட்டி 4, நல்ல கருவி 2, மொத்தம் +17. பதின்மூன்றில் திறப்பான். புதிய விதியில் அதே லெவல் கள்ளனுக்கு எக்ஸ்பர்டீஸோடு (புரொஃபிஷன்ஸி போனஸ் இரட்டிப்பாவது) +10. டிசி 30 என்றால் இயற்கை 20 ஒன்றுதான் கதி. பழைய 20ஐ 15 ஆக்குங்கள், 30ஐ 20 ஆக்குங்கள், 40ஐ 25 ஆக்குங்கள். 10 வரையானதற்கு உருட்டவே விடாதீர்கள், திறந்தது என்று சொல்லி நகருங்கள். “ஆறில் ஒன்று” என்று வரும் இரகசியக் கதவுக்கு டிசி 15.

“ஒரு நாளும் களைப்பே வருகுதில்லை”

பழைய நிலவறை ஆட்களை மெல்ல மெல்லத் தேய்க்கும்படி கட்டப்பட்டது. முதலாம் பதிப்பில் ஒரு நாள் ஓய்வுக்கு ஓர் எச்பி. புதிய விதியில் எட்டு மணித்தியாலம் படுத்தெழும்பினால் எச்பி முழுவதும் திரும்பும்.

*முதலில் பார்க்கவேண்டியது விதியை அல்ல, உங்கள் பழக்கத்தை.* கல்முனையிலிருந்தோ ஏறாவூரிலிருந்தோ பஸ்ஸில் வருபவர் இருந்தால் அமர்வு நேரத்தோடு முடியும். இரண்டு சண்டைக்குமேல் போகாது. அமர்வு முடிந்ததும் “படுத்தாச்சு” என்று கொப்பியில் எழுதிவிடுகிறார்கள். அடுத்த கிழமை எல்லாரும் புத்தம்புதிதாக நிற்பார்கள். 2014 டிஎம் புத்தகம் ஒரு நாளுக்கு ஆறு முதல் எட்டுச் சண்டைகளை எதிர்பார்க்கிறது. அமர்வு முடிவதும் நாள் முடிவதும் வேறு. எச்பி, மிச்சமுள்ள ஸ்பெல் ஸ்லொட் (இன்னும் எத்தனை முறை ஸ்பெல் போடலாம் என்பது), ஹிட் டைஸ் மூன்றையும் ஷீட் மேல்மூலையில் பென்சிலால் குறித்து, ஷீட்டை டிஎம் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். அடுத்த முறை அதே வாசலில் தொடங்குங்கள். பெரும்பாலும் இதுவே போதும்.

*போதாவிட்டால்* அதே புத்தகத்தின் கடின ஓய்வு விதி இருக்கிறது: சிறு ஓய்வு 8 மணித்தியாலம், நீள் ஓய்வு 7 நாள். காடு கடந்து நாட்கணக்கில் போகும் கதைக்கு அருமையாகப் பொருந்தும். ஒரே நிலவறைக்குள் கிடக்கும் கதைக்கு வேண்டாம், ஆட்டம் நின்றுவிடும்.

“என்ட ஆள் ஷீட்டில அடங்கிறானில்லை”

எக்ஸ்பியை அப்படியே கொண்டுவராதீர்கள். இரண்டாம் பதிப்பில் ஒன்பதாம் லெவல் வீரனுக்கு 250,000 எக்ஸ்பி. புதிய அட்டவணையில் 225,000க்கே 17ஆம் லெவல். லெவலை மட்டும் எடுங்கள். எக்ஸ்பி அந்த லெவலின் அடிப்படையிலிருந்து தொடங்கட்டும்.

இரண்டாம் பதிப்பின் மல்டிகிளாஸ் (இரண்டு வகுப்பு சேர்ந்த) ஆள், ஃபைட்டர் 5 / மேஜ் 5 என்றால், புதிய விதியில் பத்தாம் லெவல் அல்ல. ஒவ்வொரு பக்கமும் 20,000 வைத்தால் கூட்டி 40,000. அந்த எக்ஸ்பிக்குத் தனி வீரன் ஆறாம் லெவலில் நின்றிருப்பான். ஆகவே மொத்தம் 6. ஃபைட்டர் 2 / விசார்ட் 4 என்று பிரிக்கலாம். எல்ட்ரிட்ச் நைட்டாக (மந்திரமும் போடும் வீரனாக) ஒரே வகுப்பில் வைப்பது இன்னும் சுத்தம்.

ஷீட்டை வரிக்கு வரி மாற்றாதீர்கள். ஆட்டக்காரரிடம் கேளுங்கள்: “உன்ட ஆள் எதுக்குப் பேர் போனவன்?” அந்த விடையை வைத்துப் புதிதாகக் கட்டுங்கள். மூன்று விஷயம் கட்டாயம் மிஞ்சவேண்டும்: பெயர்பெற்ற ஆயுதம், ஒரு தனித்திறமை, கதையில் அவனுக்குள்ள பகையும் உறவும்.

ஸ்பெல் பெயர்களை நம்பவேண்டாம். பழைய டிடெக்ட் ஈவில் கெட்டவனைக் காட்டும். புதியதோ பேய், தேவகணம், இறந்தெழுந்தவை போன்ற இனங்களை மட்டும் காட்டும், கொலைகார மனிதனைக் காட்டாது. பழைய துப்பறியும் மொடியூல்களில் பலடினை (புனித வீரனை) ஏமாற்ற வைத்த தாயத்தையும் மறைப்பையும் எடுத்துவிடலாம்.

“காசு மலை மாதிரிக் குவியுது”

முதலாம் பதிப்பில் ஒரு தங்கத்துக்கு ஓர் எக்ஸ்பி, அதனால் புதையல் பெருத்திருக்கும். பத்தால் வகுங்கள். மந்திரப் பொருட்களைக் கழிக்கவேண்டாம், மேலே சொன்ன அளவில் இறக்கினால் போதும்.

2014இலிருந்து 2024க்கு மட்டும் போகிறவர்கள்

சண்டை நடுவில் தடுக்குவது இவைதான்: மருந்துப் போத்தல் குடிப்பது இப்போது போனஸ் அக்ஷன். கியூர் வூண்ட்ஸ் 1டி8 அல்ல, 2டி8. சர்ப்ரைஸ் ஆனவர் சுற்றை இழப்பதில்லை, இனிஷியேட்டிவ் உருட்டும்போது டிஸ்அட்வான்டேஜ் மட்டும். களைப்பு ஒரு படிக்கு டி20 உருட்டலில் –2. பலடினின் ஸ்மைட் இப்போது ஸ்பெல், போனஸ் அக்ஷன் வேண்டும். சப்கிளாஸ் எல்லாருக்கும் மூன்றாம் லெவலில். நடுக்கதையில் இருப்பவர்கள் லெவல் ஏறும் நாளில் மொத்தமாக மாறுங்கள். ஒருவர் 2014, இன்னொருவர் 2024 என்று கலந்து ஆடினால் ஆயுத மாஸ்டரி இல்லாத வீரன் பின்தங்குவான்.

எப்போது கையை எடுக்கவேண்டும்

மாற்றத் தொடங்குமுன் அந்த மொடியூல் ஏற்கெனவே மாற்றப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். 2017இல் வந்த டேல்ஸ் ஃப்ரம் த யோனிங் போர்ட்டல் தொகுப்பில் டூம் ஒஃப் ஹொரர்ஸ், வைட் ப்ளூம் மவுன்டன் உட்பட ஏழு பழைய நிலவறைகள் ஐந்தாம் பதிப்புக்குத் தயாராக இருக்கின்றன. 1983இன் ரேவன்லொஃப்ட் மொடியூல் 2016இல் கேர்ஸ் ஒஃப் ஸ்ட்ராடாக விரிந்து வந்தது. இவற்றைக் கையால் மாற்றுவது வீண் உழைப்பு.

அப்படி ஒன்று இல்லை, எண்ணிக்கையையும் மொரேலையும் ஓய்வையும் திருத்தியும் மூன்றாவது அமர்விலும் அதே முறைப்பாடு என்றால் அனுபவமுள்ள டிஎம்மிடம் போங்கள். முழுக் கம்பெய்னையும் அனுப்பினால் யாரும் படிக்கமாட்டார்கள். கோளாறு வந்த ஒரே அறையின் பக்கத்தைப் படம் எடுத்து, அதற்கு நீங்கள் எழுதிய மட்டையையும், ஆட்டக்காரர் குழுவின் லெவலும் மந்திரப் பொருட்களும் அடங்கிய பட்டியலையும் அனுப்புங்கள். சண்டை எத்தனை சுற்று ஓடியது, யார் எந்தச் சுற்றில் விழுந்தார் என்ற குறிப்பையும் சேர்த்தால் விடை அன்றைக்கே கிடைக்கும்.